அமாவாசைக்கு வராத பிள்ளை: பாம்பன் பக்கத்துப் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கணக்கு

2024–25 கல்வியாண்டில் பத்தாம் வகுப்புப் படித்த ஒரு மாணவியைப் பற்றிய ஆய்வு இது. காலாண்டுத் தேர்வில் கணக்கில் அவள் வாங்கியது 17. தமிழ் நன்றாக வரும், சமூக அறிவியலில் தேறிவிடுவாள், ஆங்கிலமும் அறிவியலும் இழுபறி. கணக்கு கவிழ்த்துவிடும் என்று வீட்டிலும் பள்ளியிலும் முடிவுகட்டியிருந்தார்கள். அக்டோபரில், விடைத்தாள் கைக்கு வந்த பிறகு, சமுதாயக் கூடத்தில் மாலையில் நாங்கள் சிலர் நடத்தும் இலவச வகுப்புக்கு வந்தாள். பாம்பனை ஒட்டிய கடற்கரைக் கிராமம். ஊரின் பெயரும் பள்ளியின் பெயரும் இங்கே வேண்டாம். பிள்ளையின் பெயர் கண்டிப்பாக வேண்டாம்.

அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அம்மா கடல்பாசி எடுக்கப் போவார். அவளுக்குக் கீழே இரண்டு தம்பிகள், ஒருவன் ஆறாவது, இன்னொருவன் மூன்றாவது. ஒரே அறை வீடு, ஒரு டிவி, மேசை நாற்காலி கிடையாது. இதில் எதுவும் எங்கள் பக்கத்தில் அதிசயம் இல்லை. பத்தாவது பிள்ளை கணக்கில் கீழே போனால் எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: டியூஷனில் சேர், படிக்கும் நேரத்தைக் கூட்டு. இவள் விஷயத்தில் படிக்கும் நேரம் குறைவாக இருந்ததே இல்லை.

நோட்டு அழகு, தாள் காலி

“அவ படிக்கத்தான் செய்றா டீச்சர். ராத்திரி பதினொண்ணு வரைக்கும் புஸ்தகமும் கையுமாத்தான் கெடக்கா. மார்க்குதான் வரமாட்டேங்குது” என்றார் அம்மா. அதில் பொய் இல்லை. கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்தோம். கைடில் உள்ள கணக்குகள் வரிசையாக இருந்தன. தலைப்புக்குச் சிவப்பில் அடிக்கோடு, விடைக்குக் கட்டம். ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. சந்தேகம் வந்ததே அங்கேதான். கணக்குப் போட்டுப் பழகும் பிள்ளையின் நோட்டில் அடித்தல் இல்லாமல் இருக்காது. இவள் இரவெல்லாம் பார்த்து எழுதியிருக்கிறாள்.

நோட்டை மூடச் சொல்லிவிட்டு, y = x² − 4x + 3 என்பதற்கு வரைபடம் போடச் சொன்னோம். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் கடைசியில் வரும் இரண்டு எட்டு மார்க் கேள்விகளில் ஒன்று வரைபடம், இன்னொன்று வடிவியல் வரைதல். சேர்த்து 16 மார்க். தேர்ச்சிக்கு 35 போதும் என்பதால், பின்தங்கிய பிள்ளைகளுக்கு எந்தக் கணக்கு ஆசிரியரும் முதலில் கையில் கொடுப்பது இந்த இரண்டைத்தான். பள்ளியிலும் அவளுக்கு அதைத்தான் கொடுத்திருந்தார்கள்.

கட்டம் போட்டாள். x-க்கு −1 முதல் 5 வரை எழுதினாள். கீழே x², −4x, +3, y என்று வரிசைகளும் சரி. வழிமுறை முழுவதும் மனப்பாடம். ஆனால் x = −1 வரும் நிரலில், x² இருக்கும் இடத்தில் −1 என்றும் −4x இருக்கும் இடத்தில் −4 என்றும் எழுதி, மூன்றையும் கூட்டி y = −2 என்று முடித்தாள். வரவேண்டியது 1 + 4 + 3 = 8. மற்ற ஆறு புள்ளிகளில் தப்பே இல்லை. கிண்ணம் மாதிரி வரவேண்டிய வளைவரையின் இடது பக்கம் மட்டும் மேலே ஏறாமல் ஒடிந்து கீழே தொங்கியது.

“இது ஏன் இப்படி வந்திருக்கு?”

“தெரியலக்கா. ஸ்கூல்லயும் இப்படித்தான் வரும். மிஸ் சிவப்புல ரவுண்டு போட்டுருவாங்க.”

பிறகு ஆறாவது முதல் எட்டாவது வரையிலான பாடங்களிலிருந்து ஒரு பக்கக் கேள்விகள் கொடுத்தோம். பின்னம் கூட்டினாள். சதவீதம் போட்டாள். −7 − 5 கேட்டால் 2 என்றாள். அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் உள்ளே முதல் உறுப்புக்கு மட்டும் குறியை மாற்றினாள். விட்டுப்போனது முழுக்கள், குறிப்பாக எதிர்மறை எண்கள். அது இல்லாமல் பத்தாவதில் இயற்கணிதமும் இல்லை, ஆயத்தொலை வடிவியலும் இல்லை, வரைபடமும் இல்லை.

ஏன் அது மட்டும் விட்டுப்போனது என்று கணக்குப் பார்த்தால் விடை எளிது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் முழுக்கள் அறிமுகமாவது ஆறாம் வகுப்பில். அவற்றைக் கூட்டிக் கழித்துப் பெருக்குவது ஏழாம் வகுப்புத் தொடக்கத்தில். 2024–25-இல் பத்தாவது படித்தவர்களுக்கு ஆறாவது 2020–21. அந்த ஆண்டு முழுக்கக் கொரோனா. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குப் பள்ளி மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-இல். அதற்குள் ஏழாவதிலும் பாதி போயிருந்தது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது உண்மை. மூன்று பிள்ளைகளும் பாட்டியும் இருக்கும் ஓர் அறையில் அது எவ்வளவு ஓடியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். இந்த ஒரு வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே இடத்தில் ஓட்டை விழுந்திருக்க, ஒவ்வொரு வீட்டிலும் “எங்க பிள்ளைக்குக் கணக்கு வராது” என்று தனித்தனியாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2021 அக்டோபரில் தொடங்கிய அரசின் மாலை வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியில் அவள் இருந்தாள், விருப்பமாகப் போனாள். அந்தத் திட்டம் அப்போது எட்டாம் வகுப்போடு முடிந்தது. ஒன்பதாவதில், பாடம் திடீரென்று கனக்கும் நேரத்தில், மாலைத் துணை நின்றுபோனது. ஒன்பதாவதில் இவள் என்ன மார்க் எடுத்தாள் என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. பத்தாவதுதான் பொருட்படுத்த வேண்டிய வகுப்பு என்ற எண்ணம் எங்கும் உள்ளதுதான்.

காலண்டரில் போட்ட வட்டங்கள்

“அடிக்கடி லீவு போடும் பிள்ளை” என்பது பள்ளியில் அவளுக்கு இருந்த பெயர். வகுப்பு நோட்டில் ஒவ்வொரு நாள் பாடத்துக்கும் தேதி இருக்கும். தேதி விட்டுப்போன நாள்களை மாதக் காலண்டரில் பென்சிலால் வட்டமிடச் சொன்னோம். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று தாளிலும் வட்டங்கள் இரண்டு கொத்தாக விழுந்தன. ஒரு கொத்துக்கு நடுவில் காலண்டர்காரர் அச்சடித்த கருப்பு வட்டம், இன்னொன்றுக்கு நடுவில் வெள்ளை வட்டம். அமாவாசை, பௌர்ணமி.

கடற்கரைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில்தான் கடல் நன்றாக வற்றும். பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாசி பறிக்கப் போவது அப்போதுதான். விடியுமுன்னே அம்மா கிளம்பிவிடுவார். சோறு பொங்கி, தம்பிகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இவள் கிளம்பினால் பேருந்து போயிருக்கும். தாமதமாகப் போய் வெளியே நிற்பதைவிட லீவு போடுவது மேல் என்று இருந்துவிடுவாள். அந்த வருடக் காலாண்டுத் தேர்வு தொடங்கியது செப்டம்பர் மூன்றாவது வாரம். பௌர்ணமியும் அதே வாரம். 17 மார்க்கில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

இதே வகுப்பில் இருந்த ஒரு பையனின் காலண்டர் வேறு மாதிரி. ராமேசுவரம் பக்கத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரை திரும்பும். மற்ற நாள்கள் நாட்டுப்படகுக்கு. செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், இறாலையும் நண்டையும் கணவாயையும் தனித்தனியாகப் பிரித்து, சங்காயத்தை, அதாவது கழிவு மீனை, ஒதுக்கும் வேலை இருக்கும். அவன் அங்கே நிற்பான். கைச்செலவுக்குக் காசு கிடைக்கும்; வீட்டுக்கும் மீன் வரும். அவன் பள்ளியில் செவ்வாயும் வியாழனும் முதல் பீரியட் கணக்கு. அவனைப் பற்றி ஆசிரியர்கள் சொன்னது “கணக்குன்னா ஓடிப்போயிடுவான்.”

அவள் லீவுக்குக் காரணம் அமாவாசை, அவன் லீவுக்குக் காரணம் திங்கட்கிழமைப் படகு. வருகைப் பதிவேட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

எங்கள் மாவட்டத்தில் படிப்பைப் பற்றி யார் மேடை ஏறினாலும் கலாம் வந்துவிடுவார். அவர் விடியற்காலையில் எழுந்து கணக்கு டியூஷனுக்குப் போனதும், பேப்பர் போட்டதும், ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் படித்ததும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த டியூஷனை எடுத்த வாத்தியார் வருடத்துக்கு ஐந்து பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொண்டு காசு வாங்காமல் எடுத்தார் என்பதை மேடையில் சொல்லக் கேட்டதில்லை. பிள்ளையின் உழைப்பை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். ஐந்து பேர் என்ற அளவை நாங்கள் பிடித்துக்கொண்டோம். ஒரு நாளில் ஒருவர் ஐந்து பிள்ளைகளுக்கு மேல் பார்ப்பதில்லை. அதற்கு மேல் போனால் கரும்பலகைப் பாடமாகிவிடும், யாருடைய நோட்டையும் கிட்ட வைத்துப் பார்க்க முடியாது.

செய்தது

முதலில் பத்தாவது புத்தகத்தை ஓரமாக வைத்தோம். பொதுத்தேர்வுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது ஆறாவது பாடமா என்று அம்மா முகம் சுளித்தார். நியாயமான கேள்விதான். எண்கோடு வரைந்து, கடன் வரவு சொல்லி, முழுக்களை மட்டும் நடத்தினோம். படகு முதலாளியிடம் வாங்கிய முன்பணம் கழித்தல் குறி, அன்றைய பங்கு கூட்டல் குறி. அவள் வீட்டில் இதைவிடத் தெரிந்த கணக்கு வேறில்லை. பெருக்கலுக்கு மட்டும் கடன் உதாரணம் சரிவராது. 2 × −4, 1 × −4, 0 × −4 என்று இறங்கி வந்து, −8, −4, 0 என்று விடை நான்கு நான்காக ஏறுவதைக் காட்டி, அடுத்து −1 × −4 எவ்வளவு வரும் என்று அவளையே எழுதவைத்தோம்.

அதற்குப் பிறகு வரைபடத்துக்குத் திரும்பினோம். இந்த முறை ஒரு சரிபார்ப்பும் சேர்த்துக் கொடுத்தோம். அந்தக் கணக்கில் y மதிப்புகள் 8, 3, 0, −1, 0, 3, 8. நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏறும். அப்படி ஏறாவிட்டால் புள்ளி குறிக்கும் முன்பே கட்டத்தில் தப்பைத் தேட வேண்டும். எல்லா இருபடிக்கும் எடுத்துக்கொள்ளும் x மதிப்புகளில் இது இவ்வளவு அழகாக விழாது. ஆனாலும் இறங்கி ஏறும் ஒழுங்கு இருக்கும், அதைப் பார்க்கக் கண் பழகிவிடும். அளவுத்திட்டம் எழுத மறப்பது இன்னொரு வழக்கமான தப்பு. அதைத் தாளின் வலது மேல் மூலையில் முதல் வேலையாக எழுதிவிடச் சொன்னோம்.

வடிவியல் வரைதலில் அவளுக்குச் சிக்கல் மூளையில் இல்லை, காம்பஸில். பள்ளியில் கொடுத்த பெட்டியில் இருந்த காம்பஸின் திருகு லூசு. வட்டம் போட்டால் தொடங்கிய இடத்தில் வந்து முடியாது. தொடுகோடு வரையும் கணக்கில் அது முழுக்கணக்கையும் கெடுக்கும். நூலைச் சுற்றி இறுக்கிக் கொடுத்தோம். பிறகு வேறு வாங்கினோம். மார்க் குறைவதற்கு இப்படியும் காரணம் இருக்கும் என்பதால் இதை எழுதுகிறேன்.

படிக்கும் முறையில் மாற்றியது ஒன்றே ஒன்று. பார்த்து எழுதுவதை நிறுத்தினோம். ஒரு கணக்கை ஒரு தடவை பார், நோட்டை மூடு, பழைய தாளின் பின்பக்கத்தில் போடு, திற, தப்பை வட்டமிடு. தமிழ்ச் செய்யுளுக்கும் சமூக அறிவியல் ஐந்து மார்க்குக்கும் இதே முறைதான். அவளுக்கு இது பிடிக்கவில்லை. “பாத்து எழுதுனா எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்குக்கா. மூடிட்டு எழுதுனா ஒண்ணுமே தெரியாத மாதிரி இருக்கு” என்றாள்.

அந்த உணர்வுக்கு ஓர் ஆய்வே இருக்கிறது. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு பாடப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதை மறுபடி படித்தார்கள். இன்னொரு சாரார் மூடிவைத்து நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள் 81 சதவீதமும் எழுதியவர்கள் 75 சதவீதமும் நினைவு வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: மறுபடி படித்தவர்கள் 42, எழுதியவர்கள் 56. இரவு பதினொன்று வரை படித்துவிட்டு நம்பிக்கையோடு தூங்கப்போகும் பிள்ளை அடுத்த வாரத் தேர்வில் முழிப்பது இதனால்தான். இதை அவளிடம் எண்களோடு சொன்னோம். கணக்கில் 17 வாங்கியவள் இந்தக் கணக்கை உடனே பிடித்துக்கொண்டாள்.

ஒரு மார்க் கேள்விகளுக்கு அட்டை. கணக்குத் தாளில் அவை 14, சமூக அறிவியலில் 14, அறிவியலில் 12. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. மூன்று சாக்பீஸ் டப்பா. தெரியாத அட்டை முதல் டப்பாவில், தினமும் பார்க்க. தெரிந்தது இரண்டாவதில், மூன்று நாளைக்கு ஒரு தடவை. மறுபடியும் தெரிந்தால் மூன்றாவதில், வாரம் ஒரு தடவை. எங்கே தப்பினாலும் முதல் டப்பாவுக்கே திரும்ப வேண்டும். 1970-களில் லைட்னர் என்ற ஜெர்மானியர் சொன்ன முறை இது. பெரிய தம்பிதான் கேள்வி கேட்பான். அக்கா தப்பாகச் சொன்னால் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

இதையெல்லாம்விட முக்கியம் என்று நான் நினைப்பது நேரத்தைப் பிரித்த விதம். மாதத்தைப் பாசி வாரம், சும்மா வாரம் என்று இரண்டாக்கினோம். பாசி வாரத்தில் புதுப் பாடம் கிடையாது, மாலை வகுப்புக்கும் வரவேண்டியதில்லை. சோறு வேகும் நேரத்தில் அட்டை மட்டும். புதிதாக எதைப் படித்தாலும் சும்மா வாரத்தில். இரவு பத்துக்கு மேல் புத்தகம் கூடாது, ஏனென்றால் பாசி வாரத்தில் அவள் எழுந்திருப்பது நான்கு மணிக்கு. ஜெட்டிக்குப் போகும் பையன்களுக்குத் திங்களும் புதனும் கனமான பாடம். செவ்வாய், வியாழன் மாலைகளில் அவர்கள் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரிது, அன்றைக்குச் சின்ன டெஸ்ட் மட்டும். வாட்ஸப்பில் வீடியோ அனுப்பலாம் என்று ஒரு யோசனை வந்தது. இந்த வீட்டில் ஒரே போன், அது வாரத்தில் மூன்று நாள் அப்பாவோடு கடலில் இருக்கும். யோசனை அதோடு போயிற்று.

நடுவில் வந்தவை

நவம்பர் 20-இல் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தாழ்வான தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர். அவளுடைய பார்த்து எழுதிய கணக்கு நோட்டு அதில் ஊறிப்போனது. அழுதாள். அந்த நோட்டு போனதில் எங்களுக்கு வருத்தம் இல்லை என்பதை அன்றைக்கு அவளிடம் சொல்லவில்லை. டிசம்பர் அரையாண்டில் 31.

2025 பிப்ரவரி கடைசியில் மீனவர்கள் கைதானதைக் கண்டித்து ராமேசுவரத்தில் விசைப்படகுகள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. வீட்டில் வருமானம் நின்றது, அம்மா பாசிக்குப் போவதை ஒரு நாளும் விட முடியாத நிலை. ஆனால் அப்பா வீட்டில் இருந்தார். சோறு பொங்குவதும் தம்பிகளைக் கிளப்புவதும் அவர் கைக்குப் போனது. திருப்புதல் தேர்வுகள் நடந்த அந்த நாள்களில் அவள் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. வேலைநிறுத்தத்தால் நல்லது நடந்தது என்று சொல்லவரவில்லை. கடன் ஏறிய மாதம் அது. ஒரு பிள்ளையின் வருகை எதைப் பொறுத்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனையை நாமாக நடத்த முடியாது.

கணக்குத் தேர்வு ஏப்ரல் 7, திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாள்தான் பிரதமர் வந்து புதிய பாம்பன் பாலத்தைத் திறந்துவைத்தார். ஊரே அங்கே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் டப்பாக்களோடு வீட்டில் இருந்தாள். தேர்வு முடிந்து வந்து, எட்டு மார்க் இரண்டும் முழுதாகப் போட்டதாகச் சொன்னாள். மே 16-இல் முடிவு வந்தது. கணக்கில் 54.

இதில் எங்கள் பங்கு எவ்வளவு

ஒரு பிள்ளையை வைத்து ஒரு முறை சரி என்று முடிவுகட்ட முடியாது. பள்ளியில் கணக்கு ஆசிரியரும் ஜனவரியிலிருந்து மாலையில் சிறப்பு வகுப்பு எடுத்தார். அப்பா வீட்டிலிருந்த வாரங்களும் உதவின. ஆனால் அரையாண்டு 31 என்பது சிறப்பு வகுப்பு தொடங்கும் முன்பே வந்த மார்க். எதிர்மறை எண் சரியானதும் இயற்கணிதத்தில் அவள் தாளில் சிவப்பு வட்டங்கள் குறைந்ததை நாங்கள் தாள் தாளாகப் பார்த்தோம். அந்த அளவுக்குச் சொல்லலாம்.

அந்தப் பையன் கணக்கில் 37 வாங்கித் தேறினான். பிளஸ் ஒன் சேரவில்லை. தடைக்காலம் முடிந்ததும் மாமா படகில் ஏறிவிட்டான். அவன் அம்மா எங்களைக் கண்டால், “பாஸாயிட்டான்ல டீச்சர், அது போதும்” என்கிறார். மார்க் வராததால் நின்றவன் இல்லை அவன். வீட்டுக்கு ஓர் ஆள் சம்பளம் தேவைப்பட்டது. மாலை வகுப்பால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. அவள் பிளஸ் ஒன் வணிகவியல் எடுத்திருக்கிறாள். கணக்குப் பதிவியலில் பற்று வரவு அவளுக்குச் சுலபமாக இருக்கிறதாம்.

இனி ஒன்பதாவதிலேயே பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வது என்று வைத்திருக்கிறோம். விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஜெட்டி வேலை இருக்காது, பள்ளிக்கும் பெரும்பகுதி விடுமுறை. அந்த நாள்களில் முழுக்கள், பின்னம், அடைப்புக்குறி, இவை மட்டும். சேரும்போது பிள்ளையிடம் கேட்பது இரண்டு: வகுப்பு நோட்டு, வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டர். செவ்வாயும் வியாழனும் முதல் பீரியடில் கணக்கு வைக்க வேண்டாம் என்று பள்ளியிலும் கேட்டிருக்கிறோம். கால அட்டவணை போடும் ஆசிரியர், “பாக்கலாம்மா, ஆங்கில மிஸ்ஸும் அதே பீரியடத்தான் வேண்டாங்கிறாங்க” என்றிருக்கிறார்.